வடகடலில் புல் எண்ணிய வருடங்கள்

மண்டபத்தில் இரண்டு கடல். வடக்கே இருப்பது வடகடல், தெற்கே இருப்பது தென்கடல். பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்பதெல்லாம் வரைபடத்துப் பெயர்கள், ஊருக்குள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக் காற்றில் வடகடல் கலங்கிப் புரளும், தென்கடல் குளம் மாதிரி கிடக்கும். வைகாசி பிறந்தால் இது தலைகீழாகும். தென்கடல் இரைந்துகொண்டே இருக்கும், வடகடலில் தரை தெரியும். இடையில் இருக்கும் நிலத்தைச் சைக்கிளில் கடந்துவிடலாம். வருடத்தின் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு கடலில் இறங்கி வேலை பார்க்கலாம் என்ற காரணத்துக்காகவே என் வழிகாட்டிப் பேராசிரியர் 1991இல் என்னை அங்கே அனுப்பினார்.

நான் கரிசல் காட்டுப் பெண். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கண்மாய், அதுவும் மழை பெய்த வருடத்தில் மட்டும். தாவரவியல் படித்தது பருத்தியும் சோளமும் பார்த்து வளர்ந்ததால் வந்த ஆசை. கடலை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பதினேழு வயது, திருச்செந்தூரில். அந்தத் தண்ணீருக்கு அடியில் பூக்கும் செடிகள் இருக்கின்றன என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கடற்புல் என்று சொன்னால் இன்றைக்கும் பலர் பாசி என்று நினைக்கிறார்கள். மீனவர்கள் வாயிலேயே அது பாசி, கோரை, தாழை என்று ஊருக்கு ஊர் மாறும். வேறுபாடு பெரிது. பாசிக்கு வேர் கிடையாது, பூ கிடையாது, விதை கிடையாது. கடற்புல்லுக்கு இவை எல்லாம் உண்டு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் நிலத்தில் இருந்த ஒருவித்திலைத் தாவரங்களின் சில கிளைகள் மறுபடி கடலுக்குள் போயின. அங்கேயே வேர்விட்டு, அங்கேயே பூத்து, தண்ணீரிலேயே மகரந்தத்தை விட்டு இனம் பெருக்கக் கற்றுக்கொண்டன. நிலத்துச் செடியின் இலைக்கு உயிர்நாடியான இலைத்துளைகள் இவற்றுக்கு இல்லை, தேவைப்படவில்லை. சைமோடோசியா என்ற கடற்புல்லின் மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் உருண்டையாக இருக்காது, நூல் துண்டு போல நீளமாக இருக்கும். நீரோட்டத்தில் மிதந்து போய் எதிலாவது சுற்றிக்கொள்ள நூல்தானே வசதி. உலகம் முழுக்கத் தேடினாலும் இந்தக் கூட்டத்தில் 70 இனங்களுக்குச் சற்று மேல்தான். அதில் பத்துக்கு மேற்பட்டவை நம் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் இருக்கின்றன. எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் இன்னும் மகிழ்ச்சி பொங்கும்.

வேலை என்ன என்று கேட்பார்கள். எண்ணுவதுதான் வேலை. கரையிலிருந்து கடலுக்குள் ஒரு கயிறு பிடிக்க வேண்டும். குறித்த தூரத்துக்கு ஒருமுறை அரை மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைக்க வேண்டும். சட்டத்துக்குள் எத்தனை தளிர், எந்த இனம், எத்தனை விழுக்காடு தரை மூடியிருக்கிறது என்று எழுத வேண்டும். நான் எழுதியது பிளாஸ்டிக் பலகையில், பென்சிலால். அப்புறம் ஒரு மூலையைத் தோண்டி எடுத்துக்கொண்டு கரைக்கு வந்து, இலையில் ஒட்டியிருக்கும் நுண்பாசியைச் சுரண்டி, இலை தனியாக, தண்டு தனியாக, வேர் தனியாகப் பிரித்து, 60 டிகிரி அடுப்பில் காயவைத்து எடை பார்க்க வேண்டும். ஒரு மாதிரிக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கரண்டு போனால் அடுத்த நாள். பன்னிரண்டு இடம், மாதம் ஒருமுறை, மூன்று வருடம். உதவித்தொகை ஒருமுறை எட்டு மாதம் வரவேயில்லை. சம்பளம் வராத மாதங்களில் படகுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை அண்ணன் கணக்கில் எழுதி வைத்துக்கொண்டார்.

அண்ணன் என்று சொல்வது என் படகுக்காரரை. வத்தை ஒன்று வைத்திருந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், ஆனாலும் கடைசிவரை என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார், நான் அப்போது யாருக்கும் டீச்சர் இல்லை. தனியாக ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவதைப் பற்றி ஊரில் பேச்சு வந்தபோது, தன் மகளையும் கூட அழைத்து வர ஆரம்பித்தார். அந்தச் சின்னப் பெண் படகில் உட்கார்ந்து என் பலகையில் நான் சொல்லும் எண்களை எழுதினாள். என் ஆய்வேட்டின் பாதி எண்கள் ஆறாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதப்பட்டவை.

நங்கூரம் போடும்போது அவர் ஒரு நிமிடம் தண்ணீரை உற்றுப் பார்ப்பார். கருப்பாகத் தெரிந்தால் புல், வெளுப்பாகத் தெரிந்தால் மணல். வெளுப்பில்தான் போடுவார். எனக்காக அப்படிச் செய்கிறார் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். ஒருநாள் கேட்டேன். "புல்லுல போட்டா பிடிக்காது டீச்சர், பேத்துக்கிட்டு வந்துரும். அதோட, ஓரா அங்கதானே மேயுது" என்றார். ஓரா மீன் புல்லில் மேய்வதும், இறால் குஞ்சு அதில் ஒளிந்து வளர்வதும் எங்கள் துறையில் ஆய்வுக்கட்டுரைகளாக வந்த விஷயங்கள். அவருக்கு அது தொழில்.

இனி நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். 1992 நவம்பரில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடும்புயல் கரை கடந்தது. தண்ணீர் தெளிந்து நான் மறுபடி இறங்கியது அடுத்த ஜனவரியில். முனைக்காட்டுக்கு எதிரே மூன்று இடங்களில் ஒரு தளிர்கூட இல்லை. சட்டத்தை வைத்தால் வெறும் மணல். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதினேன். விடுதிக்கு வந்து அன்றிரவே ஒரு கட்டுரைக்கு வரைவு எழுதத் தொடங்கினேன். கடற்புல் வெளி அழிந்துவிட்டது, காரணம் புயல், அதற்கு முன்பே இழுவைமடி போட்டுத் தரையைக் கிளறியது என்று. எழுத எழுத எனக்கே நல்ல கட்டுரையாகத் தோன்றியது.

அண்ணனிடம் சொன்னேன். அவர் வாதாடவில்லை. "மணல் மூடிக் கெடக்கு. பங்குனியில வந்து பாருங்க. இல்லாட்டி கையை விட்டுப் பாருங்க" என்றார்.

கையை விட்டேன். முழங்கை வரைகூட வேண்டியிருக்கவில்லை, ஒரு சாண் ஆழத்தில் விரலில் கயிறு மாதிரி தட்டுப்பட்டது. இழுத்தேன், வெள்ளையாக, கணுக் கணுவாக, உயிரோடு இருந்தது கிடைத்தண்டு. இலை போயிருந்தது, செடி போகவில்லை. பங்குனியில் இரண்டு இடங்களில் தளிர் வந்தது. மூன்றாவது இடத்தில் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை, அங்கே உண்மையாகவே போய்விட்டது. அந்தக் கட்டுரையை நான் அனுப்பியிருந்தால் மூன்று இழப்பு என்று இன்னும் யாராவது மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒன்றரை வருடமாக நான் இலையை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். கடற்புல்லின் பெரும்பகுதி தரைக்குக் கீழே இருக்கிறது. பல இனங்களில் மேலே இருப்பதைவிடக் கீழே இருப்பது அதிக எடை. இலை தயாரிக்கும் ஆக்சிஜன் உள்ளே இருக்கும் காற்றுக் குழாய்கள் வழியாக வேருக்கு இறங்குகிறது, அதனால்தான் காற்றே இல்லாத, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் சேற்றில் அந்த வேர் சாகாமல் இருக்கிறது. தண்ணீர் கலங்கி நாள்கணக்கில் வெளிச்சம் இல்லாமல் போனால் மேலே எதுவும் தெரியாது, கீழே வேர் முதலில் மூச்சு முட்டும். சேற்றிலேயே சேர்ந்து தங்கிவிடும் கரிமத்தைக் கணக்கிட்டவர்கள், கடல்தரையில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லாத இந்தப் புல்வெளிகள் கடலில் ஆண்டுதோறும் புதையும் கரிமத்தில் பத்தில் ஒரு பங்கைப் புதைக்கின்றன என்கிறார்கள். புத்தகத்தில் எல்லாம் படித்திருந்தேன். கையில் தட்டுப்பட்ட பிறகுதான் என் அட்டவணையில் தரைக்குக் கீழே என்று ஒரு பத்தி சேர்ந்தது.

முனைவர் பட்டம் வாங்கிய பிறகு கடற்புல்லுக்கு வேலை இல்லை. அந்தக் காலத்தில் அதற்குத் திட்டப்பணம் கிடைப்பது அரிது. உப்பங்கழிச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டுக்குக் கிடைத்தது. அப்படித்தான் பிச்சாவரம் போனேன்.

பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கிறது. சுற்றுலாப் படகில் போகிறவர்கள் சுரபுன்னையின் முட்டுவேர்களுக்கு இடையில் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். சுரபுன்னை பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. தாய்மரத்தில் இருக்கும்போதே விதை முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, சேற்றில் குத்தி நிற்கும். ஆனால் அந்தக் காட்டின் கதை சுரபுன்னையிடம் இல்லை, உள்ளே மரமே இல்லாத மொட்டைத் திட்டுகளில் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை ஒரே மூச்சில் வெட்டி, மறுபடி வளரும் என்று விட்டுவிட்டார்கள். வளரவில்லை. ஏன் வளரவில்லை என்பதற்கு ஆடுமாடு மேய்வது காரணம், ஊர்க்காரர்கள் விறகு வெட்டுவது காரணம் என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உண்மைக் காரணம் தண்ணீர். நிழல் போனதும் ஈரச் சேறு வெயிலில் காய்ந்து அமுங்கியது. நடுவில் தட்டுபோல ஒரு பள்ளம் விழுந்தது. ஓதத்தில் ஏறி வந்த உப்புநீர் வற்றத்தில் வெளியேற முடியாமல் பள்ளத்தில் தேங்கியது. வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கியது. மறுநாள் இன்னும் கொஞ்சம் உப்பு. கடல்நீரைவிடப் பலமடங்கு கரிக்கும் அந்த மண்ணில் எந்த விதை விழுந்தாலும் வெந்துவிடும். நம் கரையில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை, அதனால் சில அங்குலப் பள்ளமே போதும் ஒரு காட்டை முடித்துவிட. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கரையோரக் கிராமத்து மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் முதுகெலும்பு போல ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். தினமும் தண்ணீர் வந்து போக வழி கிடைத்தது. உப்பு இறங்கியது. அப்புறம் வாய்க்கால் ஓரமாக நட்டது பிடித்துக்கொண்டது. மண்வெட்டிதான் அந்தக் காட்டைத் திருப்பிக் கொண்டுவந்தது என்று நான் வகுப்பில் சொல்வேன்.

பிச்சாவரத்தைப் பற்றிப் பேசும்போது தில்லையை விட முடியாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த மரம், கோயிலின் தலமரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். எனக்குப் பட்டது கழுத்தில். மூன்று வாரம் கொப்புளம். அந்த ஊர்க்காரர்கள் தில்லையை விறகுக்கு வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டுவதைப் பார்த்த பிறகும் நான் கவனமில்லாமல் கிளையை ஒடித்தேன். இன்னொரு மரத்தையும் சொல்ல வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது, அங்கே பணியாற்றிய பேராசிரியர் கதிரேசன் 1995இல் பிச்சாவரத்தில் இரண்டு சுரபுன்னை இனங்களுக்கு இடையில் இயற்கையாகப் பிறந்த கலப்பின மரம் ஒன்றை விவரித்தார். ரைசோஃபோரா அண்ணாமலையானா என்று அதற்குப் பெயர். ஒரு தமிழ்ப் பெயர் தாவரவியல் பட்டியலில் சேர்ந்தது எங்களுக்கெல்லாம் திருவிழா போல இருந்தது. அந்த மரத்தில் பூ நிறைய வரும், முளைவிதை அரிதாகத்தான் வரும். கலப்பினத்தின் பாடு அது.

2004 டிசம்பர் 26. அந்த நாளைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன், என்னைவிட அதிகம் இழந்தவர்கள் எழுத வேண்டியது. அதற்குப் பின் எங்கள் துறையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அலையாத்திக் காடு இருந்த இடத்தில் பாதிப்புக் குறைவு என்று பரங்கிப்பேட்டைப் பக்கத்து 18 கிராமங்களை ஒப்பிட்டு 2005இல் ஒரு கட்டுரை வந்தது. அடுத்த வருடமே வேறு ஆய்வாளர்கள் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டு, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதுதான் பெரும்பாலான வித்தியாசத்துக்குக் காரணம், காட்டின் பங்கு அதில் தெளிவாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். அலையாத்தியை நேசிக்கிற எனக்கு அந்த மறுப்பைப் படிக்கும்போது வலித்தது. ஆனால் அவர்கள் கேட்டது சரியான கேள்வி. தூரமும் உயரமும் காடும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும், காடு இருக்கும் இடத்தில் ஊர் இயல்பாகவே உள்ளே தள்ளித்தான் இருக்கும். இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு முதுகலை வகுப்புக்கும் பாடம் எடுத்தேன். காடு சாதாரண அலையையும் புயல் அலையையும் தணிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுனாமிக்கு அதுவே சுவர் என்று கரையோர மக்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

அந்த வாக்கை நம்பித்தான் அடுத்த சில வருடங்கள் கரை முழுக்க நட்டுத் தள்ளினார்கள். அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருந்த மணல்மேட்டைச் சமன்செய்துவிட்டு அதன்மேல் சவுக்கு. அலையாத்தி எந்தக் காலத்திலும் இல்லாத திறந்த கடற்கரையில் அலையாத்தி. ஒரு நடவு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வரிசை வரிசையாக முளைவிதைகள், குச்சி கட்டி, பெயர்ப்பலகை வைத்து. இங்கே ஓதத்தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டேன். பொறுப்பில் இருந்தவருக்குத் தெரியவில்லை, கேட்டதில் வருத்தமும் பட்டார். ஆறு மாதம் கழித்துப் போனபோது குச்சிகள் மட்டும் இருந்தன. மரம் நடுவது நல்ல காரியம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அதில் தவறு நடக்கும்போது யாரும் கேட்பதில்லை. எனக்கு அது இன்றுவரை ஆறாத கோபம்.

கல்லூரி வேலை கிடைத்தது கடலிலிருந்து வெகுதூரத்தில். இருபத்து மூன்று வருடம் அங்கே பாடம் நடத்தினேன். என் பிள்ளைகளில் பெரும்பாலோர் கடலைப் பார்க்காதவர்கள், என்னைப் போலவே. முதல் நாள் வகுப்பில் சுரபுன்னை முளைவிதை ஒன்றை உப்புநீர்ப் புட்டியில் வைத்து ஜன்னலோரம் வைப்பேன். பருவம் முடிவதற்குள் அது வேர்விட்டு இரண்டு இலை விரித்துவிடும். கண்ணா என்ற இன்னோர் அலையாத்தி மரத்தின் இலை ஒன்றைக் கொடுத்து நக்கிப் பார்க்கச் சொல்வேன், உப்புப் பரல் நாக்கில் கரையும். சுரபுன்னை உப்பை வேரிலேயே தடுத்து நிறுத்துகிறது, கண்ணா உள்ளே விட்டு இலை வழியாக வெளியேற்றுகிறது என்று அதன்பின் சொன்னால் யாருக்கும் மறக்காது.

விடுமுறை விட்டால் மண்டபம்தான். அங்கேதான் பாசி எடுக்கும் பெண்களிடம் படித்தேன். பாம்பன், சின்னப்பாலம், வேதாளை என்று தென்கடல் ஓரத்து ஊர்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். நான் லத்தீன் பெயர் சொல்வேன், அவர்கள் தங்கள் பெயர் சொல்வார்கள். ஜெலிடியெல்லா அவர்களுக்கு மரிக்கொழுந்து. கையில் எடுத்துப் பார்த்தால் பூக்கடையில் வாங்கும் மரிக்கொழுந்தின் கிளை மாதிரிதான் இருக்கும். சர்காசம் கட்டக்கோரை. கிராசிலேரியா எடுலிஸ் கஞ்சிப்பாசி, காய்ச்சினால் கஞ்சியாகிவிடும். கீழக்கரைப் பக்கம் நோன்புக் காலத்தில் கடற்பாசி காய்ச்சிப் பால் ஊற்றி ஆறவைத்து வெட்டித் தருவார்கள், சாப்பிட்டவர்களுக்குத் தெரியும் அதன் ருசி.

விரலில் துணிச்சுற்று, காலில் ரப்பர் செருப்பு, சிலர் துடுப்புக்குப் பதில் சாப்பாட்டுத் தட்டைக் காலில் கட்டிக்கொள்வார்கள். பாறையில் கை கிழியும். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். என் கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் தட்டில் ஊற்றுவது அகர்தான். அந்தப் புட்டியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எனக்கு அந்த விரல்கள் ஞாபகம் வரும், பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டுத்தான் திறப்பேன்.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாகின. அப்புறம் தீவைச் சுற்றிப் பாசி எடுப்பது குற்றமாயிற்று. பூங்கா வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை, பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டதன் விளைவை என் கண்ணால் பார்த்தேன், தீவுகளே கரைந்தன. ஆனால் பவளம் வெட்டுவதும் பாசி கிள்ளுவதும் ஒன்றல்ல. மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் கடலுக்குப் போவது என்று அந்தப் பெண்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள், மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் போவதை நிறுத்தினார்கள். சின்னப்பாலத்தின் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது இதற்காகத்தான். எங்கள் கல்வித்துறையின் ஒரு மேடைக்கும் அவர்களில் ஒருவரை அதற்கு முன் யாரும் அழைத்ததில்லை. நானும் அழைக்கவில்லை. கட்டுரையின் கடைசியில் நன்றி என்று ஒரு வரி எழுதினேன், பெயர் போடாமல்.

அதே கரையில் வெளிநாட்டுப் பாசி ஒன்றை மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் தொழிலும் வந்தது. கப்பாஃபைகஸ் அதன் பெயர். பல குடும்பங்களுக்கு வருமானம் தந்தது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2008இல் அது குருசடைத் தீவில் பவளத்தின்மேல் படர்ந்து மூடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். குருசடைக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் ஒரு பழைய பட்டியலின் நகல் இருக்கும், எம். ஓ. பி. ஐயங்கார் 1927இல் அந்தத் தீவின் பாசிகளைப் பற்றி எழுதியது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து, படகில் போய், தட்டில் தண்ணீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்துத் தூரிகையால் கிளை பிரித்துக் காயவைத்திருப்பார். பாசிக்குப் பசை தேவையில்லை, தன் கோழையாலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம், நூறு வருடத்தில் அந்த முறை மாறவில்லை. அவர் பட்டியலில் கப்பாஃபைகஸ் இல்லை. தொழில் நடக்கட்டும், தீவுகளுக்கும் பவளத்துக்கும் பக்கத்தில் வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டு தரப்பும் என்னோடு வருத்தப்பட்டன.

பெயர்கள் மாறும். மூன்று வருடம் நான் எண்ணிய சைமோடோசியா செருலாட்டா இப்போது ஓசியானா செருலாட்டா. 2018இல் மாற்றினார்கள். மரபணுவைப் பார்த்து மாற்றியது, நியாயமான மாற்றம்தான், ஆனாலும் என் வாய் பழைய பெயரையே சொல்கிறது. ஹாலோடூல் என்ற இன்னொரு கடற்புல்லில் இலைநுனியில் மூன்று பல் இருந்தால் ஓர் இனம், நுனி உருண்டிருந்தால் இன்னோர் இனம் என்று பிரித்து எழுதினோம். ஒரே கிடைத்தண்டில் இரண்டு விதமான நுனியையும் பார்த்த நாளில் இருந்து அந்தப் பிரிவினையை நான் முழுமையாக நம்புவதில்லை.

2022 செப்டம்பரில் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையிலான பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் முதல் முறை. கடற்பசுவை எங்கள் பக்கம் ஆவுளியா என்பார்கள். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ கடற்புல் தின்னும். அறிவிப்பு வந்த அன்று பத்திரிகைகள் எல்லாவற்றிலும் ஆவுளியாவின் படம். புல்லின் படம் ஒன்றிலும் இல்லை. பரவாயில்லை, ஆவுளியாவைக் காப்பாற்ற வேண்டுமென்றால் புல்லைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டி, அதில் தளிர்களைச் செருகித் தரையில் பதித்துப் புல் வளர்க்கும் வேலை இப்போது அந்தக் கரையில் நடக்கிறது. மூங்கிலும் கயிறும் கடலிலேயே மக்கிவிடும். நான் மாணவியாக இருந்தபோது இதற்கெல்லாம் பணம் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட முடியவில்லை. எனாலஸ் என்று ஒரு கடற்புல். நம் கடற்புற்களிலேயே பெரியது, இலை ஒரு மீட்டருக்கு மேலும் நீளும். மற்றவற்றில் பெரும்பாலானவை தண்ணீருக்குள்ளேயே மகரந்தத்தை விட, இது தண்ணீரின் மேல்பரப்பை நம்பி இருக்கிறது. ஆண்பூக்கள் அடியில் ஓர் உறைக்குள் இருக்கும். நேரம் வந்ததும் காம்பு அறுந்து, ஒவ்வொன்றாகக் குமிழி போல மேலே ஏறி, அரிசி நொய்யைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகளாக மிதக்கும். பெண்பூ நீண்ட காம்பில் மேற்பரப்பு வரை எட்டி நிற்கும். வற்றம் நன்றாக இறங்கும் வேளையில்தான் எட்ட முடியும். மிதந்து வருபவை அதன் இதழ்களில் சிக்கிக்கொள்ளும். கருவுற்ற பிறகு காம்பு சுருள் சுருளாகச் சுருங்கிக் காயைத் தரைக்கு இழுத்துக்கொள்ளும்.

படித்து, பாடம் நடத்தி, தேர்வில் கேள்வியும் கேட்டுவிட்டேன். பார்த்ததில்லை. காற்று கொஞ்சம் அடித்தாலும் பூக்கள் கலைந்துவிடும், தண்ணீர் கலங்கியிருந்தால் தெரியாது, வற்றமும் அமைதியும் ஒரே நேரத்தில் வாய்க்க வேண்டும்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். அதன்பின் வந்த சித்திரையில், அமாவாசைக்கு மறுநாள் காலை, தேவிப்பட்டினத்துக்கு வடக்கே. படகை ஓட்டியது அண்ணனின் மகள் வீட்டு மருமகன். அண்ணனும் வந்தார், எழுபத்தைந்து தாண்டிவிட்டது, துடுப்பைத் தொடவில்லை, முன்னால் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். காற்றே இல்லை. தண்ணீர் கண்ணாடி. அவர்தான் முதலில் கையை நீட்டினார். "என்ன டீச்சர் அது, யாரோ பொரி கொட்டுன மாதிரி?"

வெள்ளைப் புள்ளிகள். ஆயிரக்கணக்கில். நீவாடு என்னும் நீரோட்டத்தில் ஒரே திசையில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். சத்தமில்லாமல் நாங்களும் அவற்றோடு மிதந்தோம். ஒரு பெண்பூவின் இதழில் நான்கைந்து சேர்ந்தாற்போல் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். இது பூ என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. விரல்நுனியில் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அறுபது வருசமா இதும்மேலதான் போயி வந்திருக்கேன்" என்றார்.

கைபேசியில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் வெயில் பட்டு மினுங்கும் தண்ணீர் மட்டும்தான் விழுந்திருந்தது. நல்ல கேமராவோடு அடுத்த அமாவாசைக்கு வருவது என்று பேசி வைத்தோம். வந்தோம். அதற்குள் கச்சான் காற்று எழுந்துவிட்டது. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அண்ணன் கரையில் நின்றபடியே பார்த்துவிட்டு, இன்றைக்கு ஆகாது, படகை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.